காப்பாளரின் இரவு

மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் மேற்படிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே விடுதி என்ற சொல்லும் அடங்கியிருக்கிறது. கலை, அறிவியல் பட்டத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் உத்தமபாளையத்தில் 1956 முதல் நடக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரலாம். மருத்துவம் என்றால் க.விலக்கு, பொறியியல் என்றால் போடி, தோட்டக்கலை என்றால் பெரியகுளம், அதற்கும் மேல் ஆராய்ச்சி என்றால் மதுரை, கோவை, சென்னை. திராட்சைப் பந்தலிலும் தென்னந்தோப்பிலும் உழைத்துச் சேர்த்த காசில் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் குடும்பம், கல்லூரியின் தரவரிசையை விசாரிப்பதற்கு முன்பு விடுதி எப்படி, வார்டன் எப்படி என்று விசாரிக்கிறது. பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எப்படித் தூங்குகிறார், அவருக்கே ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவார் என்று குடும்பமும் கேட்பதில்லை, கல்லூரியும் கேட்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களையே விடுதிகளில் குடிவைத்து, அறையும் சாப்பாடும் சிறு ஊதியமும் கொடுத்து, இளைய மாணவர்களைக் கவனிக்கச் செய்யும் வழக்கம் பழையது. நம் ஊரில் அதே வேலை பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் அது, பிஎச்.டி.க்குப் பதிவு செய்துவிட்டுப் பாடமும் எடுக்கிற இளம் உதவிப் பேராசிரியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக வரும் 'டெபுடி வார்டன்' பதவி. அண்ணா பல்கலைக்கழக விடுதிகளில் 'ரெசிடென்ட் கவுன்சிலர்' என்றொரு பெயர் புழங்குகிறது. அரசின் நல விடுதிகளில் அவர் காப்பாளர், பெண்கள் விடுதியில் காப்பாளினி. வேறு பல இடங்களில் பெயரே இல்லாமல், 'இந்த பிளாக்கைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றை வாக்கியத்தில் ஓர் ஆய்வு மாணவரிடம் பொறுப்பு கைமாறுகிறது. பெயர் எதுவானாலும் வேலையின் உருவம் ஒன்றுதான்: வேலை செய்கிற இடத்திலேயே குடியிருப்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் துக்கத்துக்கும் ஒழுங்குக்கும் ஒருசேரப் பொறுப்பேற்பது, எந்த மணிக்கும் அழைப்புக்குக் கட்டுப்பட்டிருப்பது. இந்த உருவமே மனத்தை அரிக்கக்கூடியது என்பதும், மாணவர் நலனுக்காக நாம் கடந்த முப்பது ஆண்டுகளில் கொண்டுவந்த நல்ல விதிகள் அந்த அரிப்பை அதிகமாக்கியிருக்கின்றன என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம். மனத்திடம் குறைந்தவர்கள் இந்த வேலைக்கு வந்துவிடுகிறார்கள் என்று இதை விளக்கிவிட முடியாது.

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று இதைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விடுதிக் காப்பாளர் என்ற பதவிக்குள் இருக்கிற முரண்பாடு இந்தப் பகுதியின் வரலாற்றில் பச்சையாகத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர் மீது ஏவி, கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக்கொன்ற அதே அரசுதான், அந்த ஆண்டிலிருந்து 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் விடுதிகளையும் கட்டியெழுப்பத் தொடங்கியது. மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் அந்தத் துறையின் பள்ளிகளும் விடுதிகளும் இன்றும் இயங்குகின்றன. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி அங்கிருந்து எழுந்து வந்தவர். சோறும் படிப்பும் கொடுத்த அந்த ஏற்பாடு கண்காணிப்பிலிருந்து பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரே கட்டடத்துக்குள், ஒரே அதிகாரியிடம், பிள்ளையை வளர்க்கும் வேலையும் பிள்ளையை வேவு பார்க்கும் வேலையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 'காப்பு' என்ற சொல்லே இரு பொருளும் தருவது. குழந்தையின் கைக்குப் போடுவதும் காப்பு, கைதிக்கு மாட்டுவதும் காப்பு. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு தன் நல விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் சூட்டியது. சாதிப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது நல்ல காரியம். அறிவிப்பின்படி அப்படிப்பட்ட விடுதிகள் 2,739, தங்கிப் படிப்போர் 1,79,568 பேர்; விடுதிக்குச் சராசரியாக அறுபத்தைந்து பேருக்குச் சற்றுக் கூடுதல். பெயர்ப்பலகை மாறிய அந்தக் கட்டடங்களுக்குள் காப்பாளரின் வேலை பழைய வடிவிலேயே இருக்கிறது.

கல்லூரி விடுதிகளின் இன்றைய விதிகள் ஒரு சாவிலிருந்து தொடங்குகின்றன. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் தலையீடு, முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழுவின் 2007 அறிக்கை, 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ருவின் மரணம், அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகள் என்று ஒரு சங்கிலி நீள்கிறது. அந்த விதிமுறைகள் காப்பாளரைப் பற்றிச் சொல்வதைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேரக் காப்பாளர் வேண்டும். கட்டளையிட்டுக் கட்டுப்படுத்தும் திறனும், இளைஞர்களோடு மனம்விட்டுப் பேசி ஆலோசனை சொல்லும் மென்திறனும் அவரிடம் இருக்க வேண்டும். அவர் விடுதிக்குள்ளேயோ அதை ஒட்டியோ குடியிருக்க வேண்டும். எல்லா நேரமும் அணுகத்தக்கவராக இருக்க வேண்டும். அதற்காக நிறுவனம் அவருக்குக் கைபேசி தந்து, எண்ணை மாணவர் அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த விதிகளால் தப்பிப் பிழைத்த பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் நூறாண்டுக்கு முன் இங்கே ஒரே அதிகாரியிடம் குவிந்த இரண்டு வேலைகளை 2009-இல் சட்டமே மறுபடி ஒரே ஆளிடம் குவித்தது. 'எல்லா நேரமும்' என்ற இரண்டு சொற்களை எழுதியவர்கள், அந்த நேரங்களில் ஒரு பகுதி அந்த ஆளின் தூக்கத்துக்கு உரியது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அழைப்பு வராத இரவில் என்ன சிரமம் என்று தோன்றலாம். இதற்கு விடை கப்பலிலிருந்து கிடைக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் டோர்ஸ்வால், ஓகர்ஸ்டெட் இருவரும் கப்பல் பொறியாளர்களின் தூக்கத்தை மூளை மின்னலை வழியாக அளந்து 1988-இல் வெளியிட்டார்கள். அபாய மணி அடித்தால் எழுந்து போக வேண்டிய இரவுகளில் அவர்களுடைய ஆழ்தூக்கம் குறைந்தது, இதயத் துடிப்பு கூடியது. முக்கியமான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது: முதல் மணி அடிப்பதற்கு முன்பே, அடிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தைக் கெடுத்திருந்தது. கப்பல் பொறியாளருக்காவது முறை மாறும். இன்று அவர், நாளை வேறொருவர். விடுதிக் காப்பாளருக்கு அந்த மாற்று இல்லை. இரவு ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ், பத்து மணிக்கு வராத இரண்டு பேரைத் தேடல், பதினொன்றுக்கு ஒரு பிளாக்கில் தண்ணீர் இல்லை, ஒன்றரைக்கு ஒருவனுக்கு வயிற்றுவலி, இரண்டு மணிக்கு 'சார், பக்கத்து ரூம்ல கதவு திறக்கல' என்ற அழைப்பு. கடைசி அழைப்பு ஆண்டுக்கு ஒரு முறைகூட உண்மையான ஆபத்தாக இல்லாமல் போகலாம். ஒவ்வொரு முறை கைபேசி அதிரும்போதும் உடம்பு அந்த அழைப்பையே எதிர்பார்த்து எழுகிறது. ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த பணிச்சுமைக் கோட்பாடு, வேலையின் கோரிக்கை அதிகமாகவும் அதன் மீதான பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனம் அதிகம் சிதைகிறது என்றது. பின்வந்தவர்கள் தனிமையை மூன்றாவதாகச் சேர்த்தார்கள். மூன்றும் ஒருங்கே கூடுகிற வேலைகளுக்கு உதாரணம் தேடினால் விடுதிக் காப்பாளரைத் தாண்டி அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இனி, கட்டளையும் கனிவும் ஒரே வாயிலிருந்து வர வேண்டிய நிலை. மாலையில் அவுட் பாஸ் மறுத்து, கைபேசியைப் பிடுங்கி, பெற்றோருக்குப் போன் போட்ட அதே ஆளிடம், இரவில் அந்த மாணவி 'எனக்கு வாழப் பிடிக்கவில்லை' என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவள் சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்டது ஒரு நாள் வெடிக்கும்போது, 'நீங்கள் ஏன் கவனிக்கவில்லை' என்று காப்பாளினியைக் கேட்போம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷைல்டு விமானப் பணிப்பெண்களை வைத்து 1983-இல் எழுதியது, முகத்தில் ஓர் உணர்ச்சியை வரவழைப்பதும் உள்ளே எழும் இன்னொன்றை அடக்குவதும் ஊதியத்துக்கான உழைப்பாகிவிட்டதைப் பற்றி. அந்தப் பணிப்பெண் எட்டு மணி நேரத்துக்குப் பின் சீருடையைக் கழற்றுகிறாள். விடுதியில் குடியிருப்பவருக்குச் சீருடையும் இல்லை, கழற்றும் இடமும் இல்லை. துணி துவைக்கும் இடத்தில், மெஸ் வரிசையில், பல் தேய்க்கும்போதும் அவர் 'சார்', 'மேடம்'. தன் வீட்டுத் துக்கத்துக்கு அழுவதற்குக்கூட அவர் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: சக்தி வற்றுதல், வேலையின் மீது வெறுப்பும் விலகலும், தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். நடுவில் இருப்பதுதான் விடுதியில் ஆபத்தானது. அந்தக் கட்டத்தை எட்டிய காப்பாளர் மாணவரின் அழுகையைக் கேட்டால் 'எல்லாம் நடிப்பு' என்கிறார். அவர் கொடூரமானவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவரிடம் கொடுப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வு மாணவரே காப்பாளராகவும் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆய்வு மாணவர்களை வைத்துக் கத்தியா லெவெக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவர் மனநோய்க்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தார். உயர்கல்வி பெற்ற மற்றவர்களோடு ஒப்பிட்டபோது இது தெளிவாகவே அதிகம். வேலை வீட்டுக்குள் வந்து வாழ்க்கையைத் தின்பதும், வேலையின் கோரிக்கைகளும், நெறியாளரின் போக்கும் முக்கியக் காரணிகளாகத் தெரிந்தன. மறு ஆண்டு, 26 நாடுகளின் 2,279 பேரிடம் இணையம் வழியாக நடத்திய இன்னோர் ஆய்வு, மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட ஆய்வு மாணவர்களிடம் ஆறு மடங்குக்கும் மேல் என்றது. தாமாக முன்வந்து பதிலளித்தவர்களை வைத்து எடுத்த கணக்கு என்பதால் அந்த ஆறு மடங்கை நான் அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன்; துன்பப்படுகிறவர்தான் இப்படிப்பட்ட கேள்வித்தாளை முதலில் திறப்பார். ஃபிளாண்டர்ஸ் கணக்கு அதைவிட உறுதியானது, அதுவே போதும். நம் நாட்டில் இதோடு பணமும் சேர்கிறது. நெட் தேர்வில் உதவித்தொகை பெற்றவருக்கு 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய்; மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது கிடைக்காதவருக்கு 2012-இல் நிர்ணயித்த 8,000 ரூபாய். எட்டாயிரத்தில் நகரத்தில் வாழ்பவருக்கு இலவச அறையும் மெஸ் சாப்பாடும் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டாம். கூரை, சோறு, பட்டம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, 'இந்த வாரம் என்னால் முடியவில்லை' என்று சொல்வது மூன்றையும் பணயம் வைப்பதாக அவருக்குத் தோன்றும். 2022-இன் பிஎச்.டி. விதிமுறைகள், ஆய்வு மாணவருக்குக் கற்பித்தல் உதவி வேலை வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் என்று வரம்பு கட்டின. விடுதி வேலைக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் எழுதவில்லை.

ஒரு மரணம் நிகழ்ந்தபின் என்ன நடக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நம் பொதுப்பேச்சில் முழுமையாக விடுபடுவது இதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர், 2023-இல் 13,892. இவற்றில் ஒரு பங்கு விடுதி அறைகளில் நடந்தது. அங்கே கதவை உடைத்து முதலில் உள்ளே போகிறவர்கள் அறைத்தோழன், வாட்ச்மேன், காப்பாளர். அமெரிக்காவில் ஜூலி செரல் குழுவினர் செய்த மதிப்பீட்டின்படி ஒரு தற்கொலை சராசரியாக 135 பேரின் வாழ்வைத் தொடுகிறது. அந்த 135 பேரில் மற்றவர்களுக்கு அழுவதற்கு அனுமதி உண்டு. காப்பாளருக்குக் காவல் நிலையத்தில் வாக்குமூலம், பெற்றோரின் கோபம், வாசலில் கேமரா, நிர்வாகத்தின் விளக்கக் கடிதம், மறுநாள் இரவு அதே பிளாக்கில் அட்டெண்டன்ஸ். அவர் உண்மையிலேயே தவறு செய்திருந்தால் தண்டனை பெறட்டும். விடுதிக் கொடுமைகளில் காப்பாளர்களே குற்றவாளிகளாக இருந்த வழக்குகள் இந்த மாநிலத்திலும் உண்டு, அதை மூடி மறைத்து எதையும் வாதிட முடியாது. ஆனால் குற்றம் செய்யாத பெரும்பான்மையினரும் அதே கூண்டுக்குள் நின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஆவணக் காப்பகம் தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரிக்கிறது. இல்லத்தரசி, தினக்கூலி, மாணவர் என்று வரிசைகள் போகின்றன. விடுதிப் பணியாளருக்கு வரிசை கிடையாது. காப்பாளராக இருக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் உயிரை விட்டால் அவர் மாணவர் என்ற வரிசைக்குள் போய்க் கரைவார்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழும் குரல் நியாயமானது: சாவது மாணவர்கள், நீங்கள் வார்டனுக்காக வருந்துகிறீர்களா? அதிகாரம் உள்ளவருக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டவருக்கும் இடையில் இரக்கத்தை யார் பக்கம் செலவிட வேண்டும் என்ற கேள்வி இது. இரக்கம் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் குறைந்துபோகும் பண்டமாக இருந்தால் நானும் மாணவர் பக்கமே நிற்பேன். இங்கே விஷயம் அப்படி இல்லை. மனநலப் பணியில் இருப்போர் பிறரின் துயரத்தை நாள்தோறும் சுமந்து தாமே மரத்துப்போவதைச் சார்லஸ் ஃபிக்லி 1995-இல் 'பரிவுச் சோர்வு' என்று விவரித்தார். மரத்துப்போன ஆளிடம் பிள்ளையை விடுவதுதான் மாணவருக்கு இழைக்கிற முதல் அநியாயம். தூக்கம் கெட்ட டிரைவரின் பஸ்ஸில் பயணிகளின் பாதுகாப்பைப் பேசும்போது டிரைவரின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது பயணிகளுக்கு எதிரான பேச்சு ஆகாது.

அடுத்த எதிர்வாதம் பழமையிலிருந்து வருகிறது. அந்தக் காலத்து வார்டன்கள் தந்தையைப்போல இருந்தார்கள், யாரும் மனச்சோர்வு என்று முனகவில்லை என்பார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் என்று இல்லங்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் பேராசிரியரையே காப்பாளராக வளாகத்தில் குடிவைத்தது. அந்த மரபைப் புகழ்பவர்கள் அதன் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். அந்தக் காப்பாளர், வேலை நிரந்தரமான மூத்த பேராசிரியர். குடும்பத்தோடு இருக்கத் தனி வீடு. கவனிக்க வேண்டிய மாணவர் ஓர் இல்லத்துக்குள் அடங்கும் அளவு. மாணவர் அவரை எதிர்த்துப் பேசினாலும் அவருடைய வேலையோ பட்டமோ ஆட்டம் காணாது. இரவு வாட்ஸ்அப் குழுவில் நானூறு பெற்றோர் இல்லை. இன்று அதே நாற்காலியில் நாம் உட்கார வைப்பது இருபத்தேழு வயதில், ஒப்பந்தச் சம்பளத்தில், ஆய்வேடு பாதியில் நிற்க, திருமணப் பேச்சை ஒத்திப்போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை. தந்தையைப்போல இருக்கச் சொல்கிறோம். தந்தைக்குரிய நிலையையும் வீட்டையும் கொடுக்க மறந்துவிடுகிறோம். தவிர, அந்தக் காலத்தில் யாரும் முனகவில்லை என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. வார்டனின் முன்கோபம் பற்றிப் பழைய மாணவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதைகளில் பலவற்றை இன்று வேறு கண்ணோடு கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றைவிடக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. 'எல்லா நேரமும்' என்கிறீர்களே, அரசு விடுதியில் காப்பாளர் எங்கே இருக்கிறார்? மாலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், திடீர் ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் சமையலரையும் பூட்டிய அறையையும்தான் பார்க்கிறார்கள். இது பெருமளவு உண்மை. ஆனால் வராத காப்பாளரைச் சோம்பேறி என்று மட்டும் புரிந்துகொண்டால் ஒன்றும் விளங்காது. 2023-இல் உயர்த்தப்பட்ட பிறகு நல விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,500 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 50 ரூபாய். தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் மூன்று வேளைச் சோறு அதற்குள். கணக்கு, தணிக்கை, கட்டடப் பழுது, மாணவர் வருகை, எல்லாம் அவர் பெயரில். குடும்பத்தோடு தங்கத் தக்க குடியிருப்பு பல விடுதிகளில் கிடையாது. காப்பாளினிக்குத் தன் சிறு பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் கிடையாது. செய்து முடிக்கவே முடியாத வடிவில் ஒரு வேலையைக் கொடுத்தால், மனசாட்சி உள்ளவர் அதைச் செய்ய முயன்று உடைகிறார், மற்றவர் தப்பித்துக்கொள்கிறார். இருவருமே அந்த வடிவத்தின் விளைவுகள். தப்பித்தவரின் இரவு காணாமல் போய்விடுவதும் இல்லை. அது வாட்ச்மேன் தலையிலும், சமையலர் தலையிலும், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஏதோ ஓர் 'அண்ணன்' தலையிலும் இறங்குகிறது. ஊதியமும் பதவிப் பெயரும் இல்லாத கடைசிக் காப்பாளர் அந்த அண்ணன்தான்.

ஆலோசகர்களை நியமித்து வருகிறோமே என்பது அரசுத் தரப்பின் பதில். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் அது தந்த வழிகாட்டுதல்கள், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்றன. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கின. டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் ஆலோசகர் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். துயரம் பெரும்பாலும் அவர் போன பிறகு வருகிறது. பயிற்சி பெற்ற காப்பாளருக்கு அபாய அறிகுறிகள் முன்பைவிட அதிகமாகக் கண்ணில் படும். பார்த்தபின் கூப்பிட இரண்டாவது ஆள் இல்லை என்றால், பயிற்சி அவருடைய பொறுப்பைக் கூட்டுகிறது, பிடியைக் கூட்டுவதில்லை. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் வகையைப் பொறுத்து எழுபது சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வரை சிகிச்சை கிடைக்காமல் இருப்பதைக் காட்டியது. இப்படிப்பட்ட நாட்டில் பரிந்துரைக்கும் வழியைக் கட்டாமல் கண்டுபிடிக்கும் கண்களை மட்டும் கூர்மையாக்கினால், கண்டுபிடித்தவர்தான் நோயைச் சுமப்பார்.

பேரம் பேசும் வலிமையாவது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் விடுதி உதவியாளராக இருந்த மாணவர்கள் 2002-இல் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். இங்கே, ஆசிரியர் அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உதவிப் பேராசிரியரான டெபுடி வார்டனுக்கு அந்தக் கதவு அப்போதே மூடிவிட்டது. ஆய்வு மாணவரான வார்டனோ ஊழியரா மாணவரா என்பதே அவரவர் வசதிக்கேற்ப மாறும். வேலை வாங்கும்போது ஊழியர், விடுப்புக் கேட்கும்போது மாணவர்.

செலவுதான் கடைசித் தடை என்பார்கள். செலவு உண்டு, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. ஒழுங்கு நடவடிக்கையை ஒருவரிடமும் மாணவர் பேச்சைக் கேட்கும் வேலையை இன்னொருவரிடமும் பிரிப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஆய்வு மாணவரின் விடுதிப் பொறுப்பை அவருடைய நெறியாளரும் துறைத்தலைவரும் தொட முடியாத தனி ஒப்பந்தமாக எழுதுவதற்குப் பணமே வேண்டாம்; மணிக்கணக்கை எழுத ஒரு வரி போதும். மரணமோ வன்முறையோ நடந்த விடுதியில் அடுத்த சில வாரங்களுக்குக் காப்பாளரை மாற்றிவிட்டு, அவருக்கும் வாட்ச்மேனுக்கும் சேர்த்து நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் மருத்துவரிடம் சிகிச்சை ஏற்பாடு செய்யலாம். செலவு வைப்பது இரவுமுறை ஒன்றுதான்: நான்கு விடுதிகளுக்குச் சேர்த்து ஒருவர் விழித்திருக்க, மற்ற மூவர் கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குவது. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் 14,707 ஏக்கர் இருபோக வயலையும் ஒரே ஆள் இரவெல்லாம் காவல் காத்துப் பாய்ச்சுவதில்லை. தண்ணீர் முறைவைத்து வருகிறது, ஆளும் முறைவைத்துப் போகிறான், தன் முறை முடிந்தவன் வீட்டுக்கு வந்து படுக்கிறான்.

2009 விதிமுறையை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். கைபேசியை நிறுவனம்தான் தர வேண்டும் என்று அது சொல்கிறது. நடப்பில் பெரும்பாலான காப்பாளர்கள் கொடுத்திருப்பது தங்கள் சொந்த எண்ணை. வேலையை விட்டுப் போன பின்னும் ஏதோ ஒரு பெற்றோர் நள்ளிரவில் கூப்பிடுகிற எண்ணை. எல்லா நேரமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டியது காப்பாளர் என்ற பதவி என்று படித்தால், விதியின் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 108 ஆம்புலன்ஸ் எண்ணை எந்த நேரமும் யாரோ எடுக்கிறார்கள். எடுப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை, அவர் பணிநேரம் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்பதும் நமக்குத் தெரியும். விடுதிக்கும் அப்படி ஒரு கைபேசி, மேசை மேல் ஒரு பதிவேடு. காலை ஆறு மணிக்கு, இரவு வந்த அழைப்புகளை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைபேசியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, முதலாமவர் தன் அறைக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ போகலாம். ராயப்பன்பட்டியில் பஸ் ஏறும் அப்பாவின் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் தாளில் அந்த எண் இருந்தால் போதும்.